பத்து கோர் இருந்தும் ஏன் இழுக்கிறது? – கணினி கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் புராசஸர் வேகத்தைப் பற்றியவை. கல்லூரிச் சேர்க்கை நெருங்குகிற நேரம். புது லேப்டாப் வாங்க அலைகிறவர்கள் அதிகம். வடசேரியில் கடை வைத்திருப்பதால் இதே கேள்விகளை நேரிலும் தினமும் கேட்கிறேன். ஆகவே பிரிண்டர், வைஃபை, வைரஸ் கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டு, பக்கம் முழுவதையும் இதற்கே கொடுக்கிறேன். கோர் என்பது புராசஸருக்குள் தனியாக நின்று கணக்குப் போடும் ஒரு பகுதி என்பதை மட்டும் முதலில் மனதில் வையுங்கள்.

கே: மார்த்தாண்டத்தில் ஸ்டூடியோ நடத்துகிறேன். கடையில் ஓடுவது இன்டெல் ஐ5-12400 போட்ட டெஸ்க்டாப், 6 கோர். கல்யாண வீட்டிலேயே உட்கார்ந்து எடிட் பண்ணலாம் என்று ஐ5-1235யு லேப்டாப் வாங்கினேன், 10 கோர். "பழசைவிட இது நல்லா ஓடும்" என்று விற்றவர் சொன்னார். ஒரே சர்ச் கல்யாண வீடியோவை இரண்டிலும் எக்ஸ்போர்ட் போட்டேன், அதாவது எடிட் முடித்ததை ஒரே ஃபைலாக்கினேன். லேப்டாப் முதல் ஒன்றிரண்டு நிமிடம் பறக்கிறது, பிறகு தளர்ந்துவிடுகிறது. கடைசியில் டெஸ்க்டாப்தான் முந்துகிறது. மெஷினில் குறையா?

ப: குறை இல்லை. நீங்கள் செய்து பார்த்த சோதனைதான் சரியான சோதனை. விற்றவர் கோரை எண்ணினார். நீங்கள் கடிகாரத்தைப் பார்த்தீர்கள்.

உங்கள் லேப்டாப்பில் உள்ள 10 கோரும் ஒரே தரத்தவை அல்ல. 2021 நவம்பரில் வந்த 12-ம் தலைமுறையிலிருந்து இன்டெல் ஒரே சிப்பில் இரண்டு வகைக் கோர்களைச் சேர்த்து வைக்கிறது: வேகத்துக்கான பி கோர், மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் இ கோர். 1235யு-வில் பி கோர் 2, இ கோர் 8. டெஸ்க்டாப்பில் உள்ள 12400-ல் ஆறு கோருமே பி கோர். இ கோரே கிடையாது. பி கோர் ஒவ்வொன்றும் ஒரே நேரத்தில் இரண்டு த்ரெட்டை, அதாவது இரண்டு வேலைத் தொடர்களை, ஓட்டும், இ கோர் ஒன்றைத்தான் ஓட்டும். ஆகவே த்ரெட் கணக்கில் இரண்டு மெஷினும் 12-தான். 10-க்கு 6 என்ற கணக்கு அங்கேயே அடிபட்டுப் போகிறது.

அடுத்தது மின்சாரம். 1235யு-வின் அடிப்படை அளவு 15 வாட். தேவைப்பட்டால் கொஞ்ச நேரம் 55 வாட் வரை இழுக்கும். அந்தக் கொஞ்ச நேரம்தான் நீங்கள் கண்ட பறத்தல். சூடு ஏறியதும் கீழே இறங்கிவிடும். 12400-க்கு அடிப்படையே 65 வாட், உச்சம் 117. சூட்டை வெளியே தள்ளும் உலோகத் தகடுகளான ஹீட் சிங்க் உள்ளங்கை அகலத்துக்கும் பெரிய மின்விசிறியும் இருப்பதால் அரை மணி நேரம் ஓடினாலும் அது தன் வேகத்தை விடாது.

வேகத்தை அளக்கும் சாஃப்ட்வேர் தருகிற ஸ்கோரைப் பார்க்கிறவர்கள் ஏமாறுவதும் இங்கேதான். அரை நிமிடத்தில் முடிகிற சோதனை அந்தப் பறத்தலை மட்டுமே அளந்து காட்டும். 2020-ல் வந்த சினிபெஞ்ச் ஆர்23 என்ற அப்படிப்பட்ட சாஃப்ட்வேர், எல்லாக் கோரும் ஓடும் மல்டி கோர் சோதனையைக் குறைந்தது 10 நிமிடம் திரும்பத் திரும்ப ஓட்டும்படி வைத்ததற்குக் காரணம் இதுவே. ஒரே ஒரு சுற்று ஓட்டி வரும் எண்ணையும் 10 நிமிட எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். இரண்டுக்கும் இடையில் எவ்வளவு விழுகிறதோ, உங்கள் லேப்டாப்பின் குளிர்விப்பு அந்த அளவுக்குப் போதவில்லை.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். எக்ஸ்போர்ட் செட்டிங்கில் ஹார்ட்வேர் என்கோடிங் என்று இருந்தால், கடைசியில் வீடியோவைச் சுருக்கும் வேலை கோர்களுக்கே போகாது; கிராபிக்ஸ் பகுதியில் அதற்கென்றே உள்ள சுற்று செய்துவிடும். ஒரு மெஷினில் அது ஆனாகவும் இன்னொன்றில் ஆஃபாகவும் இருந்தால் நீங்கள் ஒப்பிட்டது இரண்டு புராசஸர்களையே அல்ல. இரண்டிலும் ஒரே மாதிரி வைத்து, சார்ஜர் குத்தி, வேறு எதையும் திறக்காமல், மூன்று முறை ஓட்டி நடுவில் வரும் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சர்ச் கல்யாணப் புராஜெக்டை அழித்துவிடாதீர்கள். ஒரு பென் டிரைவில் போட்டு வையுங்கள். அடுத்த முறை மெஷின் வாங்கப் போகும்போது கடைக்காரரிடம் "இதை ஓட்டிக் காட்டுங்க" என்று கேளுங்கள். என் கடைக்கு அப்படி வருகிறவர்களை நான் மிகவும் மதிக்கிறேன். ஸ்கோர் பட்டியல் எதுவும் உங்கள் தொழிலுக்கு அந்தப் பென் டிரைவ் அளவுக்கு உதவாது.

கே: தக்கலை பக்கம் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன் சார். 1 கோடி வரை எத்தனை பகா எண்கள் என்று எண்ணும் சி புரோகிராமை, வேலையைப் பல த்ரெட்டுக்குப் பிரிக்க உதவும் ஓப்பன்எம்பி வைத்து 4 த்ரெட்டுக்குப் பிரித்தேன். நேரத்தை கிளாக் பங்ஷனால் அளந்தேன். கல்லூரி லேபில், விண்டோஸில், 1 த்ரெட்டுக்கு 8 வினாடி, 4 த்ரெட்டுக்கு 2.9 வினாடி. வீட்டில் உபுண்டுவில் அதே புரோகிராம் 1 த்ரெட்டுக்கு 6.1, 4 த்ரெட்டுக்கு 6.4! என் லேப்டாப்பில் மல்டி கோர் வேலையே செய்யவில்லையா? லேபிலும் ஏன் 2 வினாடி வரவில்லை? ரெக்கார்டில் எதை எழுதுவது?

ப: மக்ளே, இந்த மாதத்தில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி உன்னுடையது. இரண்டு இடத்திலும் அளந்து, இரண்டையும் மறைக்காமல் எழுதியிருக்கிறாய்.

முதலில் உபுண்டு. சி மொழியின் வரையறைப்படி கிளாக் பங்ஷன் சொல்வது புராசஸர் உழைத்த நேரம். சுவர்க் கடிகாரத்தின் நேரம் அல்ல. உபுண்டுவும் ஒரு லினக்ஸ்தான்; லினக்ஸ் அதை அப்படியே பின்பற்றுகிறது. நான்கு கோர் சேர்ந்து உழைத்தால் நான்கின் உழைப்பையும் கூட்டிச் சொல்லும். உன் 6.4 வினாடி அந்தக் கூட்டுத்தொகை. வேலை மொத்தத்தில் குறையவில்லை, நான்கு பேருக்குப் பிரிந்தது, அவ்வளவுதான். பிரித்துக் கொடுத்த செலவாகக் கொஞ்சம் கூடியும் இருக்கிறது. மைக்ரோசாஃப்டின் கிளாக் பங்ஷனோ புரோகிராம் தொடங்கியதிலிருந்து ஓடிய சுவர்க் கடிகார நேரத்தைத் தருகிறது. ஒரே பெயர், இரண்டு அளவுகோல். லேபில் சரியாகத் தெரிந்ததும் வீட்டில் தெரியாமல் போனதும் இதனால்தான். உன் லேப்டாப் நன்றாகவே இருக்கிறது.

இனி ஓப்பன்எம்பியிலேயே இருக்கும் டபிள்யூடைம் பங்ஷனைப் பயன்படுத்து. எந்த சிஸ்டத்திலும் அது சுவர்க் கடிகாரத்தையே சொல்லும். உபுண்டு டெர்மினலில் புரோகிராம் பெயருக்கு முன்னால் டைம் என்று அடித்தும் பார். ரியல், யூசர், சிஸ் என்று மூன்று வரி வரும். ரியல் என்பது சுவர்க் கடிகாரம். யூசர் என்பது உன் புரோகிராமுக்காக எல்லாக் கோரும் உழைத்த நேரத்தின் கூட்டு. யூசரை ரியலால் வகுத்தால் சராசரியாக எத்தனை கோர் வேலையில் இருந்தன என்று தெரிந்துவிடும். அந்த விடை 4-க்குக் கிட்ட வரவில்லையென்றால் யாரோ சும்மா நின்றிருக்கிறார்கள்.

சும்மா நிற்பது யார் என்பதில்தான் உன் இரண்டாவது கேள்விக்கான பதில் இருக்கிறது. நீ 1 கோடியை நாலாகப் பிரித்து ஆளுக்கு 25 லட்சம் எண்கள் கொடுத்திருப்பாய். எண்ணிக்கை சமம்; வேலை சமமா? ஒரு எண் பகா எண்தானா என்று பார்க்க அதன் வர்க்கமூலம் வரை வகுத்துப் பார்க்க வேண்டும். 25 லட்சத்தின் வர்க்கமூலம் ஏறக்குறைய 1,581; 1 கோடிக்கு 3,162. எண் பெரிதாகப் பெரிதாக உழைப்பும் கூடுகிறது. மொத்த உழைப்பு எண்ணின் ஒன்றரை அடுக்கு (எண் × அதன் வர்க்கமூலம்) என்று கணக்கிட்டால், முதல் த்ரெட்டுக்கு மொத்த வேலையில் எட்டில் ஒரு பங்கு, கடைசி த்ரெட்டுக்கு 35 சதவீதம். மற்ற மூவரும் முடித்துவிட்டுக் கடைசி ஆளுக்காகக் காத்திருக்கிறார்கள். 8 வினாடியில் 35 சதவீதம் எவ்வளவு? 2.8. நீ அளந்தது 2.9. கையால் போட்ட கணக்கும் மெஷினில் கண்டதும் இப்படிச் சேர்ந்து வரும்போது கிடைக்கும் சந்தோஷமே தனி.

ஃபார் லூப்புக்கு மேலே உள்ள வரியில் செட்யூல் டைனமிக், 1000 என்று சேர். ஆயிரம் ஆயிரமாக எடுத்து, முடித்தவர் அடுத்ததை வாங்கிக்கொள்வார். நேரம் 2 வினாடிக்கு நெருங்கி வர வேண்டும். எண்ணிக்கையைக் கூட்டுவதற்கு, ஆளாளுக்குத் தனியாக எண்ணிக் கடைசியில் கூட்டித் தரும் ரிடக்ஷன் பயன்படுத்து. ஆளுக்கொரு கவுண்ட்டர் என்று ஒரே அரேயில் நாலு எண்களை அடுத்தடுத்து வைத்தால் நாலும் கேஷில், அதாவது கோருக்குப் பக்கத்தில் உள்ள வேக நினைவகத்தில், 64 பைட் கொண்ட ஒரே வரியில் விழும். ஒருவர் தன் எண்ணை மாற்றும் ஒவ்வொரு முறையும் மற்ற கோர்களிடம் உள்ள நகல் செல்லாததாகிவிடும். பகா எண் புரோகிராமில் இது பெரிதாகத் தெரியாது. படத்தின் பிக்சல்களை எண்ணும் புரோகிராமில் நாலு த்ரெட் ஒரு த்ரெட்டைவிட மெதுவாக ஓடும் அளவுக்குப் போகும்.

ரெக்கார்டில் எல்லாவற்றையும் எழுது. 1, 2, 3, 4 த்ரெட்டுக்கான சுவர்க் கடிகார நேரம், பழைய பிரிப்பிலும் புதிய பிரிப்பிலும், இரண்டு சிஸ்டத்திலும். கிளாக் தந்த 6.4-ஐயும் காரணத்தோடு எழுது. உன் ஆசிரியர் அதைப் படித்துவிட்டு நிச்சயம் உன்னைக் கூப்பிட்டுப் பேசுவார்.

கே: தோவாளையில் பூ மொத்த வியாபாரம். எக்ஸெலில் கணக்கைத் தானாக முடிக்கும் ஒரு மேக்ரோ (சிறு புரோகிராம்) எழுதி வாங்கி வைத்திருக்கிறோம்; தினமும் கணக்கு முடிக்க நெடுநேரம் எடுக்கிறது. அப்போது டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் புராசஸர் 8, 9 சதவீதம்தான் காட்டுகிறது. 16 கோர் மெஷின் வாங்கினால் சீக்கிரம் முடியுமா?

ப: வாங்க வேண்டாம், அண்ணாச்சி. அந்த 8 சதவீதமே காரணத்தைச் சொல்லிவிட்டது. உங்களிடம் இருப்பது 12 த்ரெட் மெஷின் என்று நினைக்கிறேன். 100-ஐ 12-ஆல் வகுத்தால் 8.3. அதாவது ஒரே ஒரு த்ரெட் முழு மூச்சாக ஓடுகிறது, மற்றவை வேடிக்கை பார்க்கின்றன. எக்ஸெல் 2007-லிருந்து சாதாரண ஃபார்முலாக்களைப் பல கோர்களுக்குப் பிரித்துப் போடத் தெரிந்து வைத்திருக்கிறது. ஆனால் மேக்ரோ ஒரே த்ரெட்டில்தான் ஓடும்.

மாலை கட்ட உங்கள் சந்தையில் பத்துப் பேர் உட்காரலாம், ஆனால் தராசு ஒன்றுதான் என்றால் தராசடியில் வரிசை நிற்கத்தானே செய்யும்? இதை 1967-ல் ஜீன் ஆம்டால் என்ற கணினி வடிவமைப்பாளர் எடுத்துச் சொன்னார். ஒரு வேலையில் 90 சதவீதத்தைப் பிரித்துப் போட முடியும், 10 சதவீதம் முடியாது என்றால், 4 கோரில் கிடைப்பது 3.1 மடங்கு வேகம்; 8 கோரில் 4.7, 16 கோரில் 6.4. ஆயிரம் கோர் போட்டாலும் 10 மடங்கைத் தாண்டாது. உங்கள் மேக்ரோவிலோ பிரிக்க முடிந்த பங்கு அநேகமாகப் பூஜ்யம்.

எழுதித் தந்தவரிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். மேக்ரோ ஓடும்போது தானாகக் கணக்கிடுவதை நிறுத்தி வைத்து, கடைசியில் ஒரு தடவை கணக்கிடச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு செல்லாகத் தொட்டு எழுதாமல், முழுப் பட்டியலையும் ஒரு அரேயில் வாங்கி மொத்தமாகத் திருப்பி எழுத வேண்டும். இந்த மாற்றத்துக்குப் பின் மெஷினைப் பற்றி நீங்கள் நினைக்கவே மாட்டீர்கள்.

கே: முன்பு மெகாஹெர்ட்ஸ் பார்த்து வாங்கினோம், இப்போது கோர் என்கிறார்கள். எப்போது மாறியது? நகைக்கு ஹால்மார்க் இருப்பதுபோல இந்த வேகத்துக்கு முத்திரை குத்துகிற நடுநிலை அமைப்பு உண்டா? (ஓய்வு பெற்ற ஆசிரியை, அழகியமண்டபம்)

ப: மாறிய காலம் 2004, 2005, டீச்சர். 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 கொண்டுவரப் போவதாகச் சொல்லியிருந்த இன்டெல், 2004 அக்டோபரில் அதைக் கைவிட்டது. வேகத்தைக் கூட்டினால் மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டியிருந்தது. சூடோ மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். தாங்க முடியவில்லை. அடுத்த ஆண்டே இன்டெல் பென்டியம் டி-யையும் ஏஎம்டி அத்லான் 64 எக்ஸ்2-வையும் இரட்டைக் கோரோடு வீட்டுக் கணினிக்குக் கொண்டுவந்தன. ஐபிஎம்-மின் பவர்4 பெரிய சர்வர்களில் 2001-லேயே இரட்டைக் கோரோடு வந்துவிட்டது.

முத்திரைக்கு மிக நெருங்கியது ஸ்பெக். 1988-ல் அமெரிக்காவில் கணினி நிறுவனங்கள் கூடித் தொடங்கிய அமைப்பு. அதன் சிபியு2017 தொகுப்பில் 43 சோதனைகள் இருக்கின்றன. கம்பைலர் (எழுதிய புரோகிராமை மெஷின் மொழிக்கு மாற்றுவது), சதுரங்கம், வானிலை என்று நிஜ வேலைகளிலிருந்து எடுத்தவை. எனக்கு அதில் பிடித்தது, வேகம் என்பதை அது இரண்டாகப் பிரித்துக் கேட்பது. ஸ்பீடு என்ற பிரிவு "ஒரு வேலை எவ்வளவு நேரத்தில் முடியும்?" என்று பார்க்கும். ரேட் என்ற பிரிவு ஒரே வேலையின் பல நகல்களை ஒன்றாக ஓடவிட்டு "ஒரு மணி நேரத்தில் எத்தனை வேலை முடியும்?" என்று பார்க்கும். பரீட்சை முடிவு வரும் நாளில் ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பதில் சொல்லும் சர்வருக்கு இரண்டாவது முக்கியம். வீட்டில் ஒரே ஆள் உட்கார்ந்திருக்கும் கணினிக்கு முதலாவது.

அந்த முத்திரையையும் கண்காணித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. 2024 பிப்ரவரியில் ஸ்பெக், தான் வெளியிட்ட முடிவுகளில் 2,600-க்கு மேற்பட்டவற்றை விதி மீறியவை என்று அறிவித்தது. இன்டெல் கம்பைலரின் சில பதிப்புகள், 43-ல் ஒரு குறிப்பிட்ட சோதனையின் உள்விவரத்தை அறிந்து அதற்கென்றே குறுக்கு வழி வைத்திருந்தன என்பது காரணம். அதைக் கண்டுபிடித்து வெளிப்படையாகச் சொன்னதால் எனக்கு அந்த அமைப்பின்மேல் மதிப்புக் கூடியது.

கே: எட்டு கோர் ஃபோன் வாங்கினேன். வேகம் அளக்கும் கீக்பெஞ்ச் 6 ஆப்பில் மல்டி ஸ்கோர் (எல்லாக் கோரும்), சிங்கிள் ஸ்கோரின் (ஒரு கோர்) மூன்று மடங்குகூட வரவில்லை. போலியா? (குலசேகரம்)

ப: போலி அல்ல. நடுத்தர விலை ஃபோன்களில் வழக்கமாக 2 பெரிய கோர், 6 சிறிய கோர் இருக்கும். சிங்கிள் ஸ்கோரை எடுத்துத் தருவது பெரிய கோர். மேலும், 2023-ல் வந்த கீக்பெஞ்ச் 6 முந்தைய பதிப்புகள் போல ஆளுக்கொரு தனி வேலை கொடுப்பதில்லை. ஒரே வேலையை எல்லாக் கோரும் பகிர்ந்து செய்ய வைக்கிறது. ஒன்றுக்காக ஒன்று காத்திருக்கும் நேரமும் ஸ்கோரில் விழும். நிஜத்தில் ஃபோன் ஓடுவதும் இப்படித்தான் என்பதால் பழைய முறையைவிட இதையே நான் நம்புகிறேன். பழைய பதிப்பின் எண்ணோடு இதை ஒப்பிட வேண்டாம்.

கே: குளச்சலில் இருந்து எழுதுகிறேன். தம்பியின் கேமிங் லேப்டாப்பில் டிசம்பரில் சினிபெஞ்ச் ஸ்கோர் எழுதி வைத்தோம். ஏப்ரலில் பார்த்தால் மல்டி ஸ்கோர் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. சிங்கிள் ஸ்கோர் அப்படியே இருக்கிறது. புராசஸர் தேய்ந்துபோகுமா?

ப: தேய்மானம் அல்ல, சூடு. சிங்கிள் ஸ்கோர் அப்படியே இருப்பதுதான் அடையாளம். ஒரு கோர் ஓடும்போது சூடு குறைவு. எல்லாக் கோரும் ஓடும்போதுதான் வெப்ப வரம்பை முட்டும், முட்டியதும் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஏப்ரல் மாத அறை டிசம்பர் அறையைவிடச் சூடானது. அந்த வித்தியாசம் அப்படியே சிப்பின் மேல் ஏறும். லேப்டாப்பை மெத்தைமேல் வைத்து ஓட்டினீர்களா என்றும் யோசித்துப் பாருங்கள்.

கடலோரத்திலிருந்து வரும் லேப்டாப்களைத் திறக்கும்போது நான் பார்ப்பது வேறு மாதிரி. ஹீட் சிங்க் தகடுகளின் இடுக்கில் தூசி உப்புக் காற்றில் ஈரம் பிடித்துக் கட்டியாக ஒட்டியிருக்கும். புளோயர் வைத்து ஊதினால் அசையாது. ஃபேனைக் கழற்றி, மெல்லிய பிரஷ்ஷும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் வைத்துத் தகடு தகடாக எடுக்க வேண்டும். வாரண்டி இருந்தால் நீங்களே திறக்காமல் சர்வீஸ் சென்டரில் கொடுங்கள். சுத்தம் செய்த பிறகு அதே சோதனையை ஓட்டுங்கள். ஸ்கோருக்குப் பக்கத்தில் தேதி, அறை வெப்பம், சார்ஜர் குத்தியிருந்ததா, விண்டோஸ் பவர் மோடு எது என்பதையும் எழுதி வையுங்கள்.

கே: கோட்டாறில் செகண்ட் ஹேண்ட் லேப்டாப் பார்த்து வைத்திருக்கிறேன். 4 கோர், 8 த்ரெட் என்கிறார்கள். கடையில் நின்றபடியே சோதிக்க வழி உண்டா?

ப: உண்டு. பென் டிரைவில் செவன் ஸிப் கொண்டு போங்கள். ஃபைல்களைச் சுருக்கவும் விரிக்கவும் உதவும் சாஃப்ட்வேர் அது. இலவசம், சின்ன ஃபைல். டூல்ஸ் மெனுவில் பெஞ்ச்மார்க் இருக்கிறது. த்ரெட் 1 என்று வைத்து வரும் எண்ணைக் குறியுங்கள், பிறகு 8 என்று வைத்துக் குறியுங்கள். விரிக்கும் வேலையில், அதாவது டீகம்பிரஸ் வரியில், 8 த்ரெட் எண் ஒரு த்ரெட்டின் நான்கு மடங்கையாவது ஒட்டி வர வேண்டும். இரண்டு மடங்கிலேயே நின்றால் சூடோ மின்சார வரம்போ பிடித்து இழுக்கிறது. சுருக்கும் வேலையின் எண் மட்டும் சோர்ந்திருந்தால் ரேமைப் பாருங்கள்; அந்த வேலை ரேமைப் பெரிதும் நம்பியிருக்கிறது. டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் இரண்டு ஸ்லாட்டில் ஒன்றுதான் நிரம்பியிருக்கிறது என்று காட்டலாம். டிடிஆர்4 3200 ரேம் ஒன்று தருவது வினாடிக்கு 25.6 ஜிபி; இரண்டு போட்டால் 51.2. நாலு கோரும் அந்த ஒரே வழியில்தான் டேட்டாவை வாங்க வேண்டும். இன்னொரு ரேம் வாங்கும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.

சோதனையைப் பத்து நிமிடமாவது ஓடவிடுங்கள். கடைசியில் சார்ஜரைக் கழற்றிவிட்டு ஒரு சுற்று. அப்போது லேப்டாப் அணைந்துபோனால் பேட்டரி விலையையும் சேர்த்துக் கழியுங்கள்.